ஓட்டோ விதையும் உப்புத் தும்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டுத்தோட்டம் பற்றி உங்கள் பத்திரிகையில் வருகிற குறிப்புகளைத் தவறாமல் வாசிக்கிறவன் நான். தேங்காய்மட்டைத் தும்புத்தூள் என்ற பேச்சு வருகிற இடத்தில் மட்டும், எழுதுகிற எல்லாரும் ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள்: தண்ணீரில் ஊறவைத்துப் பாவிக்கவும். அந்த ஒரு வரியை நம்பிப் பன்னிரண்டு கொச்சிக்காய்க் கன்றுகளைப் பலிகொடுத்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். அந்த வரியில் விடுபட்டது என்ன என்று எனக்குச் சொல்லித்தந்தது ஒரு விவசாயப் போதனாசிரியர் இல்லை, கஞ்சா வளர்க்க வழி தேடிக்கொண்டிருந்த ஒரு பெடியன். அதனால் எழுதலாமா விடலாமா என்று ஒரு கிழமை யோசித்தேன். சரி, எழுதிவிடுவோம்.

நான் இருப்பது உப்புவெளியில். ஊரின் பெயரே மிச்சத்தைச் சொல்லிவிடும். மணல் நிலம், விட்ட தண்ணீர் விட்ட இடத்திலேயே காணாமல் போகும், அதிலும் கச்சான் காற்று தொடங்கிவிட்டால் காலையில் தண்ணீர் விட்ட பூச்சாடி மத்தியானம் காய்ந்து போயிருக்கும். தும்புத்தூள் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்று கேள்விப்பட்டு 5 கிலோ கட்டி ஒன்று வாங்கினேன். ஊறினால் ஏறக்குறைய 70 லீற்றர் அளவுக்குப் பொங்கும், அதனால் பாதியை உடைத்து வைத்துவிட்டு மற்றப் பாதியை ஊறவைத்து, வாளிகளில் நிரப்பி, கன்றுகளை நட்டேன். இரண்டு கிழமைக்குள் இலை ஓரமெல்லாம் கருகி நுனி சுருண்டுவிட்டது. இலைச்சுருட்டு நோய்தான் என்று முடிவுகட்டி வேப்பெண்ணெய் அடித்தேன். அடிக்க அடிக்க இன்னும் கருகியது.

அப்போதுதான் பக்கத்து ஒழுங்கைப் பெடியன் வந்தான். மிச்சப் பாதிக் கட்டியைத் தரமுடியுமா என்று கேட்க வந்தவன், கன்றுகளைப் பார்த்ததும் குந்தியிருந்து இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதைக் கழுவினீங்களா மாமா?"

"ஊறவைச்சனான்."

"ஊறவைக்கிறது வேற, கழுவுறது வேற."

வாளிக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பிழிந்தான். தேயிலைச் சாயம் மாதிரி வழிந்த தண்ணீரை விரல்நுனியில் தொட்டு நாக்கில் வைத்தான், பிறகு என்னையும் வைத்துப் பார்க்கச் சொன்னான். உப்பு! கடல்தண்ணீர் அளவுக்கு இல்லை, ஆனால் வாயில் நிற்கிற உப்பு. (எல்லாக் கட்டியையும் நக்கிப் பார்க்கச் சொல்லி நான் எழுதவில்லை. அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன்.)

அதற்குப் பிறகு அவன் விளங்கப்படுத்திய விதம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. பொச்சுமட்டையில் சோடியமும் பொட்டாசியமும் இயல்பாகவே இருக்கிறது. மட்டையைக் களப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுத் தும்பு எடுத்திருந்தால் சோடியம் இன்னும் கூட. இதில் ஒரு பங்கு சும்மா ஒட்டியிருக்கிற உப்பு, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் கழுவினால் போய்விடும். மற்றப் பங்கு கழுவினாலும் போகாது. தும்புத்தூளை ஒரு பஸ் என்று நினையுங்கள் மாமா, என்றான். எல்லா சீற்றிலும் சோடியமும் பொட்டாசியமும் ஏறி இருந்துகொண்டு எழும்பமாட்டோம் என்கின்றன, கல்சியம் ஏறினால்தான் அவை இறங்கும், ஏனென்றால் கல்சியத்துக்குப் பிடி கூட. நாங்கள் முதலே கல்சியத்தை ஏற்றாமல் கன்றை நட்டால், பிறகு போடுகிற உரத்தில் இருக்கிற கல்சியத்தையும் மக்னீசியத்தையும் தும்பு பறித்து வைத்துக்கொண்டு, தன்னிடமிருந்த சோடியத்தை வேருக்குத் தள்ளிவிடும். கன்று பசியிலும் வாடும், உப்பிலும் கருகும்.

இதையெல்லாம் எங்கே படித்தாய் என்று கேட்டேன். ஓட்டோவுக்காகப் படித்ததாம். முச்சக்கர வண்டிக்கும் தும்புக்கும் என்ன தொடர்பு என்று நான் முழிக்க, அவன் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னான், அது ஓட்டோஃபிளவர் கஞ்சா விதை.

விசயம் இதுதான். சாதாரண கஞ்சாச் செடி இரவு நீளும்போதுதான் பூக்கும். ரஷ்யாவில் காட்டுச் செடியாக வளர்வதை 1924இல் ஒரு தாவரவியலாளர் தனி வகையாக விவரித்து ருடராலிஸ் என்று பெயர் வைத்தார், அந்த வகைக்கு இரவு பகல் கணக்கு இல்லை, வயது வந்தால் பூத்துவிடும். அதைக் கலந்து எடுத்த விதைதான் இந்த ஓட்டோ. முளைத்து மூன்று நாலு கிழமையில் பூவுக்குப் போய், எட்டுப் பத்துக் கிழமையில் எல்லாம் முடிந்துவிடும். பெடியனுடைய மாமா மகன் கனடாவில் ஸ்காபரோவில் வீட்டு நிலக்கீழ் அறையில் வளர்க்கிறானாம், ஒன்ராறியோவில் 2018 ஒக்டோபரிலிருந்து ஒரு வீட்டுக்கு நாலு செடி வரை சட்டமே அனுமதிக்கிறது. வீடியோ அழைப்பில் அறை, விளக்கு, சாடி எல்லாம் காட்டியிருக்கிறான். அந்தத் தும்புப் பொதியில் இலங்கைத் தயாரிப்பு என்று அச்சடித்திருந்ததாம். எங்கள் நாட்டுத் தும்பை எப்படிக் கழுவுவதென்று ஸ்காபரோவில் ஒருத்தன் கற்றுக்கொண்டு உப்புவெளிக்குச் சொல்லித்தருகிறான்!

அந்த வளர்ப்பாளர்கள் தும்பு விசயத்தில் இவ்வளவு கவனமாக இருப்பதற்குக் காரணம் அந்தச் செடியின் அவசரம்தான். முதல் மூன்று கிழமையில் வேர் கருகினால் அதைத் தேற்றியெடுக்க நாள் இல்லை, குட்டையாகவே நின்று பூத்து முடிந்துவிடும். எங்கள் கொச்சிக்காய் பொறுமைசாலி. கருகும், நிற்கும், பிறகு துளிர்க்கும், மூன்று மாதத்தில் காய்க்கவேண்டியது ஐந்து மாதத்தில் நாலு காய் தரும். நாங்களும் கன்று ராசியில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். செடி பொறுத்துப்போவதால்தான் பிழை எங்கே என்று ஒருத்தரும் தேடவில்லை என்று நினைக்கிறேன்.

பெடியனுக்கு நான் கட்டியைக் கொடுக்கவில்லை. பிரசங்கமும் வைக்கவில்லை, கணக்குத்தான் காட்டினேன். 200 வாற்று விளக்கு ஒரு நாளைக்கு 18 மணித்தியாலம் எரிந்தால் மாதம் 108 யூனிற், வீட்டில் ஏற்கெனவே ஓடுகிற மின்விசிறியையும் குளிர்சாதனப் பெட்டியையும் கூட்டினால் பில் எந்தப் படிக்கு ஏறும் என்று அம்மாவுக்குத் தெரியாமல் இருக்குமா? பூக்கிற நேரத்து மணம் ஒழுங்கை முழுக்க வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒன்ராறியோச் சட்டம் ஒன்ராறியோவில்தான். இங்கே இருப்பது 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம், அதற்கு ஒரு செடியும் வளர்ப்புத்தான். சித்த வைத்தியத்தில் கஞ்சாவுக்கு இடமில்லையா என்று கேட்டான். இருக்கிறது, ஆனால் அது அனுமதி பெற்ற வைத்தியர்களின் பாடு, பின்னறையில் விளக்குப் போட்டு வளர்க்கிறவனுக்கு அதில் ஒரு பாதுகாப்பும் இல்லை. அந்தச் சட்டம் சரியா பிழையா என்பதை வேறு யாராவது எழுதட்டும், எனக்கும் அதில் இரண்டு மனம். ஆனால் பத்தொன்பது வயதில் பொலிஸ் பதிவு விழுந்தால் வேலை, வெளிநாடு எல்லாவற்றிலும் அது குறுக்கே நிற்கும் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. விதை இன்னும் கைக்கு வரவில்லையாம், யோசனையை விட்டுவிட்டானாம். நான் நம்புகிறேன்.

அப்புறம் அந்த மிச்சப் பாதிக் கட்டியை இரண்டு பேருமாகச் சேர்ந்து கொச்சிக்காய்க்குத் தயார் செய்தோம். கிணற்றுத் தண்ணீர் சவர் என்பதால் குழாய்த் தண்ணீர். வடிகிற தண்ணீரின் நிறம் வெளுக்கும்வரை மூன்று தரம் கழுவினோம். பிறகு கல்சியத்தை ஏற்றுவதற்காக, ஒரு லீற்றருக்கு 2 கிராம் கணக்கில் கல்சியம் நைத்திரேற்று உரம் கரைத்து, அதில் ஒரு இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் வடித்து, இன்னொரு தரம் நல்ல தண்ணீர் ஊற்றி எடுத்தோம். அவ்வளவுதான் வேலை. தும்பில் சத்து என்று சொல்ல ஒன்றும் இல்லை, அதனால் அல்பேர்ட் கரைசலை (மண்ணில்லாப் பயிருக்குத் தண்ணீரில் கரைத்து விடுகிற உரக் கலவை) முதலில் பாதிச் செறிவில் தொடங்கினோம். ஒவ்வொரு தரமும் வாளியின் அடித்துளையால் கொஞ்சம் வடியுமளவுக்கு விடவேண்டும், முழுக்கக் காயவிடக்கூடாது, காய்ந்தால் உப்பு திரும்பவும் திரளும். இந்தத் தடவை நட்டது பத்துக் கன்று. ஒன்றை ஆடு தின்றது. மற்ற ஒன்பதும் இலை விரித்து நிற்கின்றன, போன கிழமை முதல் பறிப்பிலேயே சம்பலுக்கும் கறிக்கும் போக அயல் வீட்டுக்கும் கொடுத்தோம்.

இதில் கஷ்டமான பகுதி எது தெரியுமா? கல்சியம் நைத்திரேற்று வாங்கியதுதான். ஒரு கடையில் 25 கிலோ மூடையாகத்தான் தரலாம் என்றார்கள், இன்னொரு கடையில் ஏன், எதுக்கு என்று என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். வெடிமருந்துக்கு உதவும் என்று யூரியா மூடையைக்கூடச் சோதனைச் சாவடியில் மறித்த போர்க்காலத்தைக் கண்ட ஊர், அவர்களையும் குறை சொல்லமுடியாது. கடைசியில் தெரிந்த ஒரு தோட்டக்காரரிடம் 200 கிராம் கடனாக வாங்கினேன்.

வெளிநாட்டுக்குப் போகிற தும்புக் கட்டியைக் கழுவியது, கல்சியம் ஏற்றியது என்று தரம் பிரித்து அனுப்புகிறார்கள். உள்ளூரில் எங்கள் கைக்கு வருகிற கட்டியில் விலையைத் தவிர வேறொன்றும் இல்லை. கழுவியதா இல்லையா என்று ஒரு சொல் அச்சடிக்க எவ்வளவு செலவாகும்? வீட்டுத்தோட்டத்துக்குக் கன்று கொடுக்கிறவர்கள், கன்றோடு 100 கிராம் கல்சியம் நைத்திரேற்றுப் பொட்டலம் ஒன்றும் தமிழில் அரைப் பக்கத் துண்டு ஒன்றும் சேர்த்துக் கொடுத்தால் என்ன? நீங்களும் அடுத்த குறிப்பில் அந்த ஒரு வரியைத் திருத்திப் போடுங்கள். துண்டு எழுத ஆள் தேவையென்றால் எங்கள் ஒழுங்கையில் ஒருத்தன் இருக்கிறான், இப்போதைக்கு வேலையில்லாமல்தான் இருக்கிறான்.

இப்படிக்கு,
உப்புவெளியிலிருந்து ஒரு வாசகன்,
திருகோணமலை.