எங்க காலேஜ் ஸ்டூடன்ட் சப்போர்ட் ஆபீஸுக்கு ஒரு நன்றி மடல்

ஆபீஸ்ல இருக்க சார், அக்கா, அண்ணா எல்லாருக்கும் வணக்கம். இன்டர்ன்ஷிப் முடிஞ்சு ரிப்போர்ட்டும் சப்மிட் பண்ணியாச்சு, ஆனா அதுல "நிர்வாகத்திற்கு நன்றி"ன்னு ஒத்த வரி போட்டதோட விட்டுட மனசு வரல, அதான் எல்லாரும் பாக்கட்டும்னு இங்க எழுதுறேன்.

மொதல்ல ஸ்காலர்ஷிப் செக்‌ஷன் அக்காவுக்கு. கிளாஸ் பசங்க எல்லாம் ஆடிட்டர் ஆபீஸ், பேங்க்னு போனப்ப எனக்கு மட்டும் காலேஜ்லயே போட்டாங்கன்னு கடுப்புலதான் வந்தேன். அக்கா சொன்னது ஒண்ணுதான், தகுதி இல்லாம பணம் வராதவங்க கம்மி, பேப்பர் சரியில்லாம வராதவங்கதான் ஜாஸ்தின்னு. போகப் போகத்தான் புரிஞ்சுது. டிசில இனிஷியல் முன்னாடி இருக்கும், ஆதார்ல அப்பா பேரு முழுசா பின்னாடி இருக்கும், பாஸ்புக்ல இனிஷியலே இருக்காது. மூணும் ஒரே ஆளுதான்னு நமக்குத் தெரியும், சாஃப்ட்வேருக்கு எப்படித் தெரியும்!

அரசுப் பள்ளில படிச்சுட்டு காலேஜ் வர்ற ஆம்பளப் பசங்களுக்கு அரசாங்கம் குடுக்குற தமிழ்ப் புதல்வன் பணம் வரலன்னு ஃபர்ஸ்ட் இயர் தம்பி ஒருத்தன் வந்தான், மாசம் 1000 ரூபாதான், ஆனா அவனுக்கு பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் அதுதான் கணக்கு. பேங்க்ல ஆதார் குடுத்துட்டேன்க்கான்னு திரும்பத் திரும்ப சொல்றான். கேஒய்சிக்கு, அதாவது நாம யாருன்னு பேங்க் சரிபாக்குறதுக்கு, ஆதார் குடுக்குறது வேற, அரசாங்கப் பணம் வர்றதுக்கு ஆதார அக்கவுன்ட்டோட இணைக்கிற சீடிங் வேறன்னு எனக்கே இங்க வந்துதான் தெரியும், அதுலயும் ரெண்டு அக்கவுன்ட் இருந்தா கடைசியா எந்த பேங்க்ல சீடிங் ஆச்சோ அங்கதான் அரசாங்கப் பணம் போய் விழும். அக்கா அவன் போன்லயே மைஆதார் சைட்ட தொறக்கச் சொல்லி, ஓடிபி போட்டு பாத்தா வேற ஒரு பேங்க் பேரு காட்டுது. கொஞ்ச நேரம் முழிச்சுட்டு, லீவுல துணிக்கடை வேலைக்குப் போனப்ப சம்பளத்துக்கு ஒரு அக்கவுன்ட் ஓப்பன் பண்ணாங்கன்னு சொன்னான். பணம் மொத்தமும் அதுல சேந்து கெடந்துச்சு. அவன் மூஞ்சியப் பாக்கணுமே!

சூப்பரின்டெண்டென்ட் சாருக்கு தனியா ஒரு பெரிய நன்றி. கவுன்ட்டர் ஜன்னல்ல நின்னுக்கிட்டு அப்பா வருமானம் என்ன, என்ன ஜாதின்னு பின்னாடி க்யூல நிக்கிறவனுக்கும் கேக்குற மாதிரி சொல்ல வேண்டியதில்லன்னு உள்ள ரெண்டு சேர் போட வச்சது அவர்தான். ரூல்ஸ் எல்லாம் அவருக்கு தலைகீழா தெரியும். தனியார் ஸ்கூல்ல படிச்சதால, பொண்ணுங்களுக்கான அதே மாதிரி திட்டமான புதுமைப்பெண் கிடைக்காதுன்னு ஒரு பொண்ணு அப்ளையே பண்ணாம இருந்துச்சு, சார் விசாரிச்சா ஆர்டிஇல (தனியார் ஸ்கூல்ல ஏழைப் பசங்களுக்கு குடுக்குற இலவச சீட்) எட்டாவது வரைக்கும் அங்க, ஒன்பதுலேந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளி, அப்படின்னா தகுதி உண்டு. திட்டம் 2022ல ஆரம்பிச்சது, இன்னும் இது நெறைய பேருக்குத் தெரியல. பசங்க ஜிஓ (அரசாணை) தேடிப் படிக்க மாட்டாங்க, நாமதான் அவங்ககிட்ட விவரத்த கேட்டு வாங்கணும்னு எனக்குத் தோணுச்சு.

அட்டெண்டர் அண்ணாவுக்கும் நன்றி. ஜாதிச் சான்றிதழ் ஒரு தடவ வாங்குனா போதும், வருமானச் சான்றிதழ் ஒரு வருஷம்தான் செல்லும், அப்ளை பண்ணிட்டு சும்மா இருக்காத, விஏஓகிட்ட நிக்குதா ஆர்ஐகிட்ட (வருவாய் ஆய்வாளர்) நிக்குதான்னு பாருன்னு அவர் வராண்டாவுல நின்னு சொல்றத கேட்டாலே பாதிப் பேருக்கு வேலை முடிஞ்சுடும். டீ வாங்கிக் குடுத்த கணக்கு தனி, அத நான் கட்ட மாட்டேன்ணா!

அக்கா, சீடிங் ஆகாதவங்க லிஸ்ட்டை டிபார்ட்மென்ட் வாரியா பிரிச்சு டெஸ்க்டாப்லயே வச்சிருக்கேன், மஞ்ச கலர் போட்டவங்களுக்கு மட்டும் இன்னும் போன் பண்ணல. ஸ்காலர்ஷிப் ரினியூவல் ஓப்பன் ஆனதும் ஆள் பத்தலன்னா ஒரு மெசேஜ் போடுங்க, மதியம் கிளாஸ் முடிச்சுட்டு வந்துடுறேன்.

இப்படிக்கு,
உங்க இன்டர்ன், பி.காம் தேர்ட் இயர்