ரமலானுக்குப் பிறகும் அண்டா அடுப்பில் இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னையில் வீடில்லாமல் நடைபாதையில் வாழ்கிறவர்களுக்குப் பள்ளிவாசல்களைச் சேர்ந்த இளைஞர்கள் சாப்பாடு கொடுப்பது புதிய செய்தி அல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தில் பள்ளிவாசல்கள் கதவைத் திறந்து வைத்ததையும், கொரோனா ஊரடங்கில் மஹல்லாக்களில் (ஒரு பள்ளிவாசலைச் சேர்ந்த குடியிருப்புகளில்) அடுப்பு எரிந்ததையும் நகரம் பார்த்திருக்கிறது. அந்த வேலையில் இருப்பவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம். கொடுக்கும் மனத்துக்கு இங்கே குறைவில்லை. எதை, எப்போது, எங்கே கொடுப்பது என்பதில்தான் நிறைய வீணாகிறது.

நோன்புக் கஞ்சியையே எடுத்துக்கொள்வோம். ரமலானுக்காகத் தமிழக அரசு ஆண்டுதோறும் பள்ளிவாசல்களுக்கு இலவசமாகப் பச்சரிசி தருகிறது. அண்டா இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, பதம் தெரிந்த கைகள் இருக்கின்றன. பெருநாள் பிறை தெரிந்ததும் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறோம். ஆனால் தெருவில் இருப்பவருக்கு அதைவிடப் பொருத்தமான சாப்பாடு வேறில்லை. பல் போன முதியவரும் குடிக்கலாம். இரண்டு வேளை காய்ந்த வயிறும் தாங்கும். நீரும் உப்பும் உணவோடு சேர்ந்தே போகும். பல நாள் பட்டினியில் மெலிந்து கிடப்பவர் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். அவருக்கு ஒரேயடியாக வயிறு நிறையக் கொடுத்தால் இரத்தத்தில் உப்புச் சத்துகள் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கால் டம்ளர் கஞ்சி கொடுத்துவிட்டு 108-ஐ அழைப்பதுதான் சரி.

நூறு பேருக்கு ஆளுக்கு 400 மில்லி என்று வைத்தால் 40 லிட்டர் கஞ்சி வேண்டும். பச்சரிசி நொய் 4 கிலோ, பாசிப்பருப்பு 1 கிலோ, வெந்தயம் 100 கிராம், வெங்காயமும் தக்காளியும் இரண்டிரண்டு கிலோ, இஞ்சி பூண்டு விழுது அரை கிலோ, கேரட் 2 கிலோ, உப்பு கால் கிலோவுக்குச் சற்று மேல், புதினா மல்லி ஒரு கைப்பிடிக்குக் குறையாமல். பள்ளிவாசலில் நோன்பு திறக்கக் காய்ச்சும் கஞ்சியில் கறியும் தேங்காய்ப் பாலும் சேர்ப்போம். தெருவுக்குப் போகும் கஞ்சியில் இரண்டும் வேண்டாம். தேங்காய்ப் பால் சேர்ந்த கஞ்சி சென்னை வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும். கறி எல்லாருக்கும் ஆகாது. கஞ்சி நிற்க நிற்க இறுகும் என்பதால் தனிப் பாத்திரத்தில் 5 லிட்டர் கொதிநீரை மூடி எடுத்துப் போக வேண்டும். இறுகிய கஞ்சியில் பச்சைத் தண்ணீரை ஊற்றித் தளர்த்துவதுதான் நாங்கள் அடிக்கடி பார்க்கும் தவறு. கஞ்சியின் சூடு இறங்குகிறது, ஊற்றிய நீரில் இருப்பதெல்லாம் உள்ளே போகிறது.

சூடு பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சமைத்த சோறு 60 டிகிரிக்குக் கீழே வந்ததும் அதில் கிருமி வளரத் தொடங்குகிறது. சோற்றில் வளரும் ஒரு வகைக் கிருமியின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு பகல் 2 மணிக்குக் கட்டிய பொட்டலம் இரவு 9 மணிக்குக் கைக்குப் போய்ச் சேர்கிறது. வாங்கியவர் பாதியைச் சாப்பிட்டு மீதியைக் காலைக்கு எடுத்துவைக்கிறார். அடுத்த வேளை எப்போது என்று தெரியாதவர் வேறென்ன செய்வார்? காலையில் வயிற்றுப்போக்கு. நடைபாதையில் இருக்கும் பெண்ணுக்கு வயிற்றுப்போக்கு என்றால், இரவில் பூட்டிக் கிடக்கும் கழிப்பறை முன்னால் அவர் என்ன செய்வார் என்று பொட்டலம் கட்டும்போதே யோசிக்க வேண்டும். எண்ணெய் மிதக்கும் பிரியாணியைவிடக் கஞ்சியும் வாழைப்பழமும் மேல் என்று நாங்கள் சொல்வது சிக்கனத்துக்காக இல்லை.

ஆகவே இரண்டு வகையாகக் கொடுங்கள். சூடாக ஒன்று, அங்கேயே சாப்பிட. எடுத்துவைத்துக்கொள்ள இன்னொன்று: வறுத்த வேர்க்கடலை, பொரி, பன், வாழைப்பழம். சமைத்த நேரத்திலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் பரிமாறி முடியுங்கள். மிஞ்சியதை மறுநாள் அண்டாவில் கலக்காதீர்கள். கொதிக்கும் கஞ்சியைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கொடுப்பதும் நிற்க வேண்டும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அந்தப் பைக்குத் தடை இருக்கிறது. பெரும்பாலானவர்களிடம் ஒரு தூக்கோ கிண்ணமோ இருக்கும். இல்லாதவர்களுக்காக இருபது எவர்சில்வர் டம்ளரும் கழுவ ஒரு கேன் தண்ணீரும் வண்டியில் இருந்தால் போதும்.

கொடுப்பதில் என்ன இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தெருவில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். புரட்டாசியில் கறி தொடாதவர் உண்டு, கார்த்திகையில் மாலை போட்டவர் உண்டு, மாட்டுக்கறி எப்போதுமே சாப்பிடாதவர் உண்டு. சோற்றைச் சைவமாகச் சமைத்து, அவித்த முட்டையைத் தனியாக எடுத்துப் போய்க் கேட்டுக் கொடுப்பது எளிது. 1795-ல் கட்டிய திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலில் பல ஆண்டுகளாக நோன்பாளிகளுக்கு உணவு கொண்டுவந்து பரிமாறுகிறவர்கள் சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த தொண்டர்கள், அதிலும் இந்துக்கள். அவர்கள் நம் நோன்பின் முறையறிந்து பரிமாறுகிறார்கள். அதே மரியாதையைச் சென்ட்ரல் வாசலில் படுத்திருப்பவருக்கு நாம் தர வேண்டாமா?

இனி நேரமும் இடமும். வெள்ளிக்கிழமை பிற்பகல் சென்ட்ரலுக்கும் அரசுப் பொது மருத்துவமனைக்கும் எதிரே ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் வந்து நிற்கின்றன. செவ்வாய், புதன் இரவுகளில் யாரும் வருவதில்லை. வால்டாக்ஸ் சாலை, பாரிமுனைப் பக்கத்துத் தெருக்களில் கடை ஷட்டர் இறங்கிய பிறகுதான் பாய் விரிப்பார்கள். இரவு 10 மணிக்கு முன் போய்ப் பார்த்துவிட்டு இங்கே ஆளே இல்லை என்று திரும்பக் கூடாது. எத்தனை பேர் என்று கணக்கெடுப்பதானால் 11 மணிக்கு மேல் நடந்தே போய் எண்ணுங்கள். விடியலில் கடை திறப்பதற்குள் அவர்கள் சுருட்டிக்கொண்டு எழுந்தாக வேண்டும். அது ஏறக்குறைய சுபுஹு தொழுகை முடிந்து நம் ஆட்கள் வெளியே வரும் நேரம். அந்த அரைமணியில் ஒரு டம்ளர் சூடான டீயும் பன்னும் கொடுப்பதற்குத் தனியாக யாரும் கண்விழிக்க வேண்டியதில்லை. அம்மா உணவகம் அருகே இருந்தால் அந்த இடத்தை விட்டு அடுத்த தெருவுக்குப் போங்கள். வண்டியைப் பிரதான சாலையில் நிறுத்தவே கூடாது. எதிர்ப்பக்கம் படுத்திருப்பவர் பொட்டலத்தைப் பார்த்ததும் சாலையின் குறுக்கே ஓடி வருவார்.

எல்லாரையும் ஒரே கணக்கில் எடுப்பதும் தவறு. பாரிமுனைப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நடைபாதையிலேயே வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. சுமை தூக்குகிறார்கள், பூக்கட்டுகிறார்கள். மூன்று செங்கல் வைத்துச் சமைக்கிறார்கள். அவர்களுக்குத் தேவை பொட்டலம் இல்லை, அரிசியும் பருப்பும். மழையில் நனையாமல் ஆதார் அட்டையையும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழையும் வைக்க ஓர் இடமும் வேண்டும். தனியாளாகத் திரியும் ஆண்களுக்குச் சமைத்த உணவு வேண்டும். மருத்துவமனை வாசலில் படுத்திருப்பவர்களில் பலர் வெளியூர் நோயாளிகளின் உறவினர்கள். அவர்களுக்காக மாநகராட்சி காப்பகங்கள் இருப்பது அவர்களில் பலருக்கே தெரியாது. பெரிய நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், அதுவும் ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. உங்கள் மண்டலத்தில் எந்தக் காப்பகம் ஆண்களுக்கு, எது பெண்களுக்கு, எது மனநலம் குன்றியவர்களுக்கு என்று மாநகராட்சியின் 1913 என்ற உதவி எண்ணில் கேட்டு எழுதி, பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டி வையுங்கள். கூடவே முதியோர் உதவிக்கு 14567, குழந்தைகளுக்கு 1098.

நம்மிடம் தாராளமாக இருந்தும் நாம் கொடுக்க நினைக்காத ஒன்று தண்ணீர். தெருவில் சோற்றைவிடக் கிடைக்க அரிதானவை குளியலும் கழிப்பறையும். தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவி ஒளு செய்யும் இடத்தில் குழாய் வரிசை இருக்கிறது, பக்கத்திலேயே கழிப்பறை இருக்கிறது. இஷா என்னும் இரவுத் தொழுகை முடிந்ததும் பாங்கு சொல்லும் மோதினார் பூட்டிவிடுகிறார். தொழும் இடத்தைத் தொடாமல் பக்கவாசல் வழியாக, வாரத்தில் இரண்டு நாள், லுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்கு முன் இரண்டு மணி நேரம் திறந்தாலே போதும். ஆளுக்கு ஒரு வாளித் தண்ணீர், சின்ன சோப்பு, துண்டு, ஒருவருக்கு ஒன்று என்று புது பிளேடு. வாசலில் ஒருவர், உள்ளே ஒருவர், கழுவிவிட ஒருவர் என மூவர் இருந்தால் அடுத்த தொழுகைக்குள் இடம் சுத்தமாகிவிடும். சுத்தம் கெடும் என்று ஆட்சேபம் வரும், பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லி தயங்குவார். அவர் தயக்கம் நியாயமானது. ஒரு மாதம் நடத்திக் காட்டுவதைத் தவிர அதற்கு வேறு பதிலில்லை. பெண்களுக்கு மட்டும் மதரஸா அல்லது ஷாதி மஹால் (திருமண மண்டபம்) கட்டடத்தில், பெண் தொண்டர்களோடு, வேறொரு நாளில் ஏற்பாடு செய்ய வேண்டும். குளித்து வந்தவருக்கு மாற்றுத்துணி வேண்டுமே. கிழிந்த பேன்ட்டும் கல்யாணச் சேலையும் மூட்டையாக வருகின்றன. தேவைப்படுபவை கைலி, நைட்டி, புதிய உள்ளாடை, நாப்கின்.

பணக் கணக்கில் ஒரு வார்த்தை. கட்டாய தர்மமான ஜகாத் முஸ்லிம் ஏழைகளுக்கே சேர வேண்டும் என்பது மார்க்க அறிஞர்களான உலமாக்களில் பெரும்பான்மையோரின் கருத்து. விரும்பிக் கொடுக்கும் தர்மமான ஸதகாவை யாருக்கும் கொடுக்கலாம். தெருவில் மதம் கேட்டுக் கொடுக்க முடியாது, கேட்கவும் கூடாது. எனவே பைத்துல்மால் என்னும் பொது நிதியில் இரண்டுக்கும் தனித்தனி நோட்டு வைத்து, தெருப்பணியை ஸதகாவிலேயே நடத்துங்கள். டீசல் செலவு எதிலிருந்து என்ற வாக்குவாதம் அப்போது எழாது.

புகைப்படம் எடுக்க வேண்டாம். நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்டப் பில்லும் அண்டாவின் படமும் போதும். கை நீட்டுபவரின் முகம் எதற்கு?

சமைக்கத் தெரியாதவருக்கும் வண்டி இல்லாதவருக்கும் பெரிய வேலை ஒன்று காத்திருக்கிறது. புண்ணில் புழு வைத்து, சர்க்கரை நோயில் கால் கறுத்துக் கிடப்பவரை 108-ல் ஏற்றி அனுப்பினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். அரசு மருத்துவமனையில் வைத்தியம் இலவசம்தான். ஆனால் ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போக, இரத்தப் பரிசோதனை முடிவை வாங்கி வர, இரவில் தண்ணீர் கொடுக்கக் கூட ஓர் ஆள் வேண்டும். யாருமில்லாதவர் இரண்டாம் நாளே கட்டோடு எழுந்து பழைய இடத்துக்கே வந்துவிடுகிறார். ஒரு மஹல்லாவில் பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்தால், ஒரு நாளைக்கு ஆறு பேர், ஆளுக்கு நான்கு மணி நேரம், ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஒரு நோயாளிக்குத் தடையின்றித் துணை இருக்கலாம். மனநலம் குன்றித் திரிபவராக இருந்தால் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்காகக் கொண்டுபோவது 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-வது பிரிவின்படி காவல் துறையின் கடமை. சட்டப் பிரிவைச் சொல்லிக் கேட்டால் வேலை நடக்கிறது.

நம் ரமலான் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்கிறது. இப்போது அது பனிக்காலத்துப் பக்கம் வருகிறது. பாய் நனைந்து, அடுப்பு அணைந்து, சுமை வேலையும் இல்லாமல் அவர்கள் தவிப்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்த மூன்று மாதத்துக்காவது, வாரத்தில் மூன்று இரவு, ஒவ்வொரு மஹல்லாவும் ஓர் அண்டா ஏற்றட்டும். எந்தப் பள்ளிவாசல் எந்த இரவு, எந்தத் தெரு என்று அக்கம்பக்கத்து ஜமாஅத்துகள் செப்டம்பரிலேயே உட்கார்ந்து பிரித்துக்கொள்ளலாம். அதற்கு முன் பக்ரீத் வரும். அடுப்பில்லாதவர் கையில் பச்சைக் கறியைக் கொடுக்காமல், ஏழைகளுக்கான பங்கில் ஒரு பகுதியைச் சமைத்து, கேட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
திருவல்லிக்கேணி, பெரியமேடு பகுதித் தன்னார்வலர்கள்,
சென்னை