ஃபேனை நிறுத்திவிட்டுக் கேட்ட டாக்டரம்மாவுக்கு

மர்பி டவுன், அல்சூர் பக்கத்துச் சொந்தங்களுக்கும் எங்களுக்குத் துணை நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

என் மகளுக்கு ஏழு வயது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். மழைக்காலம் பூராவும் சளி. சவலைப் பிள்ளை என்றார்கள். நாங்கள் வழக்கமாகப் போகும் கிளினிக்கில் கவுனுக்கு மேலேயே ஸ்டெதாஸ்கோப்பை வைத்து எடுத்துவிட்டு டானிக் எழுதினார்கள். நானும் மறுபேச்சில்லாமல் வாங்கிக் கொடுத்தேன், அவர்களை மட்டும் குறை சொல்லி என்ன?

அவள் படிக்கும் அரசுப் பள்ளிக்கு ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசின் குழந்தைகள் உடல்நலத் திட்டக் குழுவோடு வந்த டாக்டரம்மாவுக்குத்தான் முதல் நன்றி. வகுப்பில் ஒரே கூச்சல். பிள்ளையை ஹெட்மிஸ் அறைக்குக் கூட்டிப்போய், ஃபேனை நிறுத்தச் சொல்லி, மூச்சை இழு, விடு என்று சொல்லி, ஸ்டெதாஸ்கோப்பில் ரொம்ப நேரம் கேட்டாராம். மறுநாள் என்னை உட்காரவைத்துக் கன்னடமும் தமிழும் கலந்து விளக்கினார். இதயம் துடிக்கிற லப்‑டப்பில் அந்த 'டப்' இரண்டு வால்வுகள் மூடும் சத்தம். மூச்சை இழுத்தால் அது இரண்டாகப் பிரியும், விட்டால் சேர்ந்துகொள்ளும். இவளுக்கோ இழுத்தாலும் விட்டாலும் 'ட‑டப்', 'ட‑டப்' என்று ஒரே இடைவெளி. விரலால் மேசையில் தட்டியே காட்டினார். இதயத்தின் மேல் அறைகளுக்கு நடுவே பிறவி ஓட்டை இருந்தால் அப்படிக் கேட்குமாம். ஓட்டை தானாகச் சத்தம் போடாது; அதன் வழியே கூடுதலாக வரும் ரத்தம் நுரையீரலுக்குப் போகிற வால்வைத் தாண்டும்போதுதான் மெல்லிய இரைச்சல். பல பிள்ளைகளுக்குப் பள்ளி வயதுவரை தெரியாமல் போவது இதனால்தான். இரைச்சல் கேட்டாலே பயப்படாதீங்க, நல்லா இருக்கிற பிள்ளைக்கும் கேட்கும், எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்தால்தான் உறுதி என்றும் சொன்னார்.

எக்கோவில் 14 மி.மீ. ஓட்டை. நெஞ்சைத் திறக்கவில்லை; தொடை ரத்தக்குழாய் வழியாகக் குழாய் விட்டு, சின்னக் குடை போன்ற ஒன்றை வைத்து அடைத்துவிட்டார்கள். செலவை அந்தத் திட்டமே பார்த்துக்கொண்டது.

அப்புறம், சீட்டுப் பணத்தை முன்கூட்டியே எடுத்துத் தந்த கீழ்வீட்டு அக்காவுக்கு நன்றி. லீவு கேட்டதும் மறுக்காத மேஸ்திரிக்கும் நன்றி. அவள் இதயத்தை அவள் காதிலேயே கேட்கவைத்து அழுகையை நிறுத்திய மலையாள நர்ஸை மறக்க மாட்டோம்.

எட்டு முறை கூட்டிப்போய்க் காசு வாங்காத ஆட்டோ அண்ணே, அடுத்த மாதச் செக்கப்புக்காவது மீட்டரைப் போடுங்கள். இல்லையென்றால் பஸ்ஸில்தான் போவோம்.

இப்படிக்கு,
பிள்ளையின் அப்பா,
மர்பி டவுன், பெங்களூரு