ஆச்சி சொத்தில் மூன்று பங்கு

பாளையங்கோட்டை

அன்புள்ள பாப்பாவுக்கு,

பதினாறாம் நாள் முடிந்த கையோடு நீ கிளம்பிவிட்டாய். அப்புறம் நானும் மாமாவும் ஆச்சி வீட்டை ஒதுங்க வைத்ததிலேயே ஒரு மாதம் ஓடிவிட்டது. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன்.

பீரோவில் ஒன்றுமே இல்லை. பீரோ சாவியை யார் கேட்டாலும் தூக்கிக் கொடுப்பாளே, அது ஏனென்று இப்போதுதான் புரிகிறது. அடுக்களைப் பரணில் புளிப்பானைக்குப் பின்னால் ஓர் ஓலைப்பெட்டி இருந்தது. உள்ளே மஞ்சள் துணியில் சுற்றி ஒரு பாஸ்புக், ஒரு நகைக்கடன் ரசீது, நாலாக மடித்த பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டு ஆறு. 2016 நவம்பரில் ஊரே பேங்க் வாசலில் நின்றபோது "எங்கிட்ட ஒண்ணும் இல்லட்டி" என்றாள். அந்த நோட்டை இனி மாற்ற வழியில்லை. மடிப்பைப் பிரித்தால் இன்னும் புளி வாசம் வருகிறது. தூக்கிப்போட எனக்கு மனசு வரவில்லை.

ரசீதைப் பார்த்ததும் பதறிவிட்டேன். கூட்டுறவுச் சங்கத்தில் அவளுடைய மூன்று பவுன் சங்கிலி அடகில் இருக்கிறது. கெடு தாண்டினால் ஏலத்துக்குப் போய்விடும். மறுநாளே ஓடினோம், இன்னும் மூன்று வாரம் இருந்தது. இப்போதைக்கு வட்டியைக் கட்டியாயிற்று. வாரிசுச் சான்று கொடுத்தால்தான் மீட்க முடியும்.

பாஸ்புக்கில் கடைசி வரவு 2011. பத்து வருஷம் தொடாமல் கிடக்கும் பணத்தை பேங்க் ரிசர்வ் வங்கியின் நிதிக்கு அனுப்பிவிடுமாம். பயப்பட வேண்டாம், வாரிசுகள் அதே பேங்கில் எழுதிக் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். இப்படிக் கேட்பாரற்றுக் கிடக்கும் கணக்குகளைத் தேட ரிசர்வ் வங்கி 2023-இல் 'உத்கம்' என்று ஒரு தளம் தொடங்கியிருக்கிறது. மாமா பையன் அதில் ஆச்சி பெயரைப் போட்டான். இந்தக் கணக்கு மட்டும் வந்தது. அப்போதுதான் எனக்குத் தட்டியது, ஆச்சி சில இடத்தில் தாத்தா இனிஷியலும் சில இடத்தில் அவள் அப்பா இனிஷியலும் போடுவாள். மாற்றிப் போட்டதும் வேறொரு பேங்கில் ஒரு டெபாசிட் வந்தது! அதற்கு வீட்டில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை, பாப்பா. இனிஷியலை மாற்றிப் பார்க்காமல் விட்டிருந்தால் அது அப்படியே போயிருக்கும்.

சரி, உன்னிடம் சொல்ல வந்த விஷயம் இனிமேல்தான். பாஸ்புக்கில் மாமா நாமினி. "நான்தானே நாமினி, நானே வாங்கிக்கிடுதேன்" என்றார். நாமினி பணத்தைக் கையில் வாங்கலாம், அவ்வளவுதான். பங்கு வாரிசுகளுக்கு. ஆச்சி உயில் எழுதவில்லை. தாத்தாவும் இல்லாததால், 1956 இந்து வாரிசுச் சட்டப்படி அவளுடைய சொத்து பிள்ளைகளுக்குச் சமமாகப் போகும். பிள்ளைகளில் யாராவது முன்பே இறந்திருந்தால் அந்தப் பங்கு அவர்கள் பிள்ளைகளுக்கு. அதாவது மாமா, நான், பெரியம்மாவுக்குப் பதிலாக அவள் மகன், உன் அண்ணன்.

"அவன்தான் வரத்துப் போக்கே இல்லையே, அவன் பெயர் எதற்கு" என்று வீட்டில் பேச்சு வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. தாலுகா ஆபீஸில் ஒரு வாரிசை மறைத்துச் சான்று வாங்கினால் நாளைக்கு அது செல்லாமல் போய்விடும், அது ஒன்று. அதைவிட, என் அக்கா இருந்திருந்தால் அந்த ஓலைப்பெட்டியை என்னோடு உட்கார்ந்து அவளும்தான் பிரித்திருப்பாள். மாமாவிடம் இதைத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, அவனையும் கூப்பிடு" என்றார்.

நான் மூன்று தடவை கூப்பிட்டும் அவன் எடுக்கவில்லை. நீ கூப்பிட்டால் எடுப்பான். பெரியம்மாவின் இறப்புச் சான்று அவனிடம்தான் இருக்கிறது. அதையும் ஆதார் நகலையும் எடுத்துக்கொண்டு, இரண்டு நாள் லீவு போட்டு வரச் சொல். லாட்ஜில் ரூம் போட வேண்டாம், நேரே நம் வீட்டுக்கே வரச் சொல்.

அன்புடன்,
அம்மா