மெழுகுவர்த்தி கிடைக்காத பாதிரியாருக்கு

வில்லியம் ஆட்ரெட் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். வாய்ப்பாடு ஒப்பிக்கத் தெரியாமல் முட்டி போட்ட நாளிலிருந்து பெருக்கல் குறி மேல் எனக்குத் தீராத கோபம். 1631இல் உங்கள் லத்தீன் நூலான 'கணிதத் திறவுகோல்' வழியாக அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் நீங்கள் என்று பிறகுதான் தெரிந்தது. சண்டை போடலாம் என்று உங்களைப் பற்றித் தேடிப் படித்தேன். கோபம் போய்விட்டது.

1610 முதல் சாகும்வரை, இங்கிலாந்தின் சர்ரேயில் ஆல்பரி என்ற ஒரே கிராமத்தில் ஊழியம். பிரசங்கம் சுமார்தானாம், மனசெல்லாம் கணக்கில். மதியம் வரை சட்டையோடு படுக்கையில் கிடப்பீர்கள், ராத்திரி கண்விழித்துப் படிப்பீர்கள், கட்டில் கோலின் உச்சியில் மைக்கூடு. இதெல்லாம் வாழ்க்கைக் குறிப்புகள் எழுதிய ஜான் ஆப்ரியிடம் உங்கள் மகன் சொன்னது. ராச்சாப்பாட்டுக்கு அப்புறம் மெழுகுவர்த்தி கொளுத்த உங்கள் மனைவி விடமாட்டாராம். கணிதமேதை ஜான் வாலிஸ், கட்டிடக்கலைஞர் கிறிஸ்டோபர் ரென் போன்றவர்களுக்குக் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தால் எந்த வீட்டில்தான் மெழுகுவர்த்தி மிஞ்சும்?

நான் அதிசயித்தது உங்கள் நகரும் அளவுகோலைப் பார்த்துத்தான். பெருக்கலைக் கூட்டலாக்கும் மடக்கை (logarithm) கணக்குப்படி கோடு போட்ட இரண்டு பட்டைகள். ஒன்றின் 1ஐ மற்றதன் 2க்கு நேரே தள்ளினால், 3க்கு நேரே 6 நிற்கிறது, 4க்கு நேரே 8. பெருக்கலே இல்லை, வெறும் நீளத்தைக் கூட்டுவதுதான். இதைக் கையில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் வெளியே சொல்லாமல் இருந்தீர்களே! ஏன் என்று மாணவர் ஃபார்ஸ்டர் கேட்டதற்கு, தத்துவம் புரியாமல் கருவியைக் கொடுத்தால் பிள்ளைகள் செப்படி வித்தைக்காரர்களாகத்தான் ஆவார்கள் என்றீர்கள். அதற்குள் 1630இல் டெலமைன் என்ற கணித ஆசிரியர் இதே கருவியின் வட்ட வடிவத்தைத் தன்னுடையது என்று அச்சிட்டுவிட்டார். அப்புறம் யார் திருடன் என்று ஊரறியச் சண்டை. கால்குலேட்டரைத் தட்டியே வளர்ந்த எனக்கு உங்கள் பதில் கொஞ்சம் சுடத்தான் செய்கிறது.

கடைசியாக ஒரு சந்தேகம். நாட்டைவிட்டுப் போயிருந்த மன்னர் இரண்டாம் சார்லஸைத் திரும்ப அழைக்கப் பாராளுமன்றம் தீர்மானித்த சேதி கேட்டு, சந்தோஷத்திலேயே உங்கள் உயிர் போனதாகச் சொல்கிறார்கள். தீர்மானம் 1660 மே 1. நீங்கள் போனது ஜூன் 30. கணக்கு உதைக்கிறதே, ஐயா?

இப்படிக்கு,
முட்டி போட்ட மாணவன்