நீலத் தொட்டிக்கு இப்போது அவசரம் இல்லை

ஓமியா, சைதாமா
பிப்ரவரிக் கடைசி

அன்புள்ள சேகர்,

படங்கள் வந்தன. போன்சாயாக வளர்க்க நீ வாங்கியிருக்கிற கருப்புப் பைன் கன்று நன்றாக இருக்கிறது. பக்கத்தில் பெருமையாக வைத்துப் படம் எடுத்திருக்கிறாயே, நீல மெருகு போட்ட சின்னத் தொட்டி, அதைத் துடைத்து அட்டைப்பெட்டியில் போட்டு உள்ளே வை. பல வருஷத்துக்கு அது உனக்குத் தேவைப்படாது. தேவைப்படும்போது நீல நிறமே வேண்டாம் என்று நீயே சொல்வாய். இங்கே பைனுக்கு மெருகு போடாத பழுப்புத் தொட்டிதான் வழக்கம்.

மார்ச்சில் வேரைச் சீவித் தொட்டியில் நட்டு, கம்பி சுற்றி, கிளையைக் கழித்து, ஜூனில் தளிரையும் வெட்டிவிடலாமா என்று ஒரே மூச்சில் கேட்டிருக்கிறாய். நான்கு பேப்பரையும் கடைசி ராத்திரியில் உட்கார்ந்து முடிக்கிற ஹாஸ்டல் புத்தி இன்னும் போகவில்லை. ரிட்டயர் ஆனவனுக்கு என்னடா அவசரம்? நீ சொன்ன நான்கில் ஒன்றை மட்டும் இப்போது செய். மற்ற மூன்றும் பிறகு.

நீ கேட்ட நேரம் நல்ல நேரம். போன வாரம்தான் உவேனோவில் கொகுஃபுதென் கண்காட்சி பார்த்துவிட்டு வந்தேன். 1934-இல் ஆரம்பித்தது, இன்றைக்கும் போன்சாய்க்காரர்களுக்கு அதுதான் பெரிய மேடை. வழக்கமாக நான் கிளை அடுக்கையும் நுனியையும் பார்த்துக்கொண்டே நகர்ந்துவிடுவேன். உன் கடிதத்துக்குப் பிறகு போனதால் இந்த முறை ஒவ்வொரு மரத்திலும் முதல் கிளைக்குக் கீழே இருக்கிற பகுதியை மட்டும் பார்த்தேன். மண்ணைப் பிடித்திருக்கும் வேர், அதிலிருந்து எழும் பருமன், வெடித்துச் செதிலாகக் கிடக்கும் பட்டை. பார்ப்பவரை நிறுத்தி வைப்பது அந்த ஒரு சாண் உயரம்தான். அதைக் கத்தரியால் செய்ய முடியாது. மரம்தான் வளர்ந்து கொடுக்க வேண்டும்.

அடிமரம் தடிப்பதன் கணக்கு எளிது. மேலே எவ்வளவு பச்சை இருக்கிறதோ அவ்வளவு தடிக்கும். ஊசி இலைகள் செய்கிற உணவு கீழே இறங்கித்தான் ஒவ்வொரு வருஷமும் ஒரு சுற்று மரமாகக் கூடுகிறது. நீ நறுக்கினால் அந்த வரவு குறைகிறது. சின்னத் தொட்டியில் அடைத்தால் வேர் நிற்கிறது, வேரோடு மற்றதும் நிற்கிறது. சின்னத் தொட்டி இருப்பதே அதற்குத்தான்: வேண்டிய பருமன் வந்த மரத்தை அப்படியே நிறுத்தி வைக்க. உன் கன்று பென்சில் பருமன். இப்போது தொட்டியில் வைத்தால் பென்சிலாகவே நிற்கும்.

போன இலையுதிர் காலத்தில் நானும் கமலாவும் ஷிகோகு தீவுக்குப் போனோம். தகமட்சு ஊரை ஒட்டிக் கினாஷி என்று ஒரு இடம். ஜப்பானின் பைன் போன்சாயில் சுமார் 80 சதவீதம் அந்த ஊர்ப் பக்கத்திலிருந்து வருகிறது. நான் என்னவோ அலமாரி அலமாரியாகக் குட்டி மரங்கள் இருக்கும் என்று நினைத்துப் போனேன். பார்த்தால் வயல்! கத்தரித் தோட்டம் போல வரிசையாகத் தரையில் நட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கிளை மட்டும் ஆள் உயரத்துக்கு மேலே தறிகெட்டு ஓடுகிறது. கமலா, "இதையா பார்க்க வந்தோம்?" என்றாள். குனிந்து அடியைப் பார்த்ததும் அவளே பேசாமல் படம் எடுக்க ஆரம்பித்துவிட்டாள். வளைந்து எழுந்த தடித்த அடிமரம், அதன் மேல் குட்டையாக விட்டுவைத்த சில கிளைகள், எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஓடுகாலிக் கிளை. அது வெட்டுவதற்கென்றே வளர்க்கும் கிளை. அது நீண்டு கொழுக்கக் கொழுக்க அதற்குக் கீழே உள்ள மரம் தடிக்கும். வேண்டிய பருமன் வந்ததும் அதை அறுத்து எறிவார்கள். பிற்காலத்து மரமாக ஆகப்போவது கீழே இருக்கும் குட்டைக் கிளைகள்தான்.

உன் கன்றையும் அப்படித்தான் வளர்க்கப் போகிறாய். ஆக இந்த மாதம் செய்ய வேண்டிய ஒரே வேலை கம்பி. மொட்டு நகர ஆரம்பிப்பதற்குள் செய்துவிடு. விரல் பருமன் வந்துவிட்டால் அடிப்பக்கம் உன் பேச்சைக் கேட்காது, அதனால்தான் இதை மட்டும் தள்ளிப்போடாதே என்கிறேன். செம்புக் கம்பி பழகின கைக்கு. நீ அலுமினியம் வாங்கு, இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர் போதும். ஒரு முனையை அடிமரத்தை ஒட்டி மண்ணுக்குள் ஆழமாகக் குத்தி ஊன்றிக்கொண்டு, சுமார் 45 டிகிரி சாய்வில் மேலே ஏற்று. ஊசிகளைக் கம்பிக்கு அடியில் மாட்டி நசுக்காதே. வளைக்கும்போது வளைவின் வெளிப்பக்கத்தில் கம்பி இருக்க வேண்டும். மரப்பட்டை பிளக்காமல் தாங்குவது அதுதான்.

வளைவு மண்மட்டத்துக்குச் சற்று மேலேயே ஆரம்பிக்கட்டும். கீழே நேராக விட்டு மேலே மட்டும் வளைத்த மரம் கடைசிவரை அப்படியேதான் தெரியும், பின்னால் எந்த வித்தையாலும் மறைக்க முடியாது. இடம் வலம் என்று ஒரே தளத்தில் பாம்பு மாதிரி நெளிக்காதே. முன்னும் பின்னும் திரும்ப வேண்டும், மேலிருந்து பார்த்தாலும் திருப்பம் தெரிய வேண்டும். கொஞ்சம் மிகையாகவே வளை. மரம் தடிக்கத் தடிக்க உள்வளைவு நிரம்பி எல்லாம் சாந்தமாகிவிடும். இன்றைக்கு அழகாக, அளவாக இருக்கிற வளைவு பத்து வருஷத்தில் காணாமலே போய்விடும். மே மாதத்திலிருந்து வாரம் ஒருமுறை கம்பியைப் பார். பட்டையில் பதிய ஆரம்பித்தால் சுற்றிய கம்பியைத் திருகி எடுக்காமல் துண்டு துண்டாக வெட்டி எடு.

அவ்வளவுதான். இந்த வருஷம் வேரைத் தொடாதே. வளைத்த மரம் ஆடாமல் இருக்க வேண்டும், ஒரே சமயத்தில் மேலேயும் கீழேயும் அடி வாங்கக் கூடாது. ஆனால் உங்கள் ஊர் மழையை நினைத்தால் அந்த நர்சரி மண்தான் எனக்குக் கவலை. கரி நிறத்தில் பஞ்சு போல இருக்கிறது, தண்ணீரை விடாது. மழைக்காலம் முடியும்வரை இப்போது இருக்கிற நர்சரித் தொட்டிக்கு ஒரு பக்கம் கட்டை கொடுத்துச் சாய்த்து வை. சாய்ந்த தொட்டியில் தண்ணீர் அதிகம் தங்காது. சியாட்டிலில் ஜூலை, ஆகஸ்டில் மழையே இராது என்பாயே, அப்போது நேராக்கி தினமும் ஊற்று.

மண்ணை அடுத்த வசந்தத்தில் மாற்றலாம். அப்போதும் அந்த நீலத் தொட்டி இல்லை! அரிசி களைகிற பிளாஸ்டிக் சல்லடைக் கூடை ஒன்று வாங்கு. தொட்டிச் சுவரில் முட்டும் வேர் சுற்றிச் சுற்றி ஓடும். சல்லடையில் காற்றுப் பட்டு நுனி காய்ந்து, உள்ளே கிளைத்துப் பெருகும். மண்ணாக நுரைக்கல், அதாவது பியூமிஸ், பாதிக்கு மேல் போடு. உங்கள் பக்கம் அது மலிவாகக் கிடைக்கும், இங்கேயிருந்து போகிற அகடமா என்கிற களிமண் குருணைக்குக் காசைக் கொட்டாதே. பழைய மண்ணை முழுக்கக் கழுவி எடுத்துவிடாதே. ஒரு பாதியை இந்த முறை, மறு பாதியை அடுத்த முறை மாற்று. வேர்களுக்கு நடுவே வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் மருந்து அடிக்க ஓடாதே. பைன் வேரோடு கூட்டாக வாழ்ந்து தண்ணீரும் சத்தும் வாங்கிக் கொடுக்கிறது அது.

உரத்துக்கு இங்கே எல்லோரும் என்ன போடுகிறார்கள் தெரியுமா? புண்ணாக்கு. கடுகு இனத்து விதையை ஆட்டிய புண்ணாக்கோடு எலும்புத் தூள் சேர்த்து உருட்டி மண்மேல் வைக்கிறார்கள். முதன்முதலில் அந்த வாசனை மூக்கில் ஏறியபோது எனக்கு நம் ஊர் செக்கடிதான் ஞாபகம் வந்தது. வசந்தத்திலிருந்து இலையுதிர் காலம்வரை தாராளமாகக் கொடு. ஊசி நீளமாக வருகிறதே, போன்சாய் மாதிரி இல்லையே என்று புலம்பி எழுதுவாய், தெரியும். நீளமாகத்தான் வர வேண்டும். நீள ஊசி இருந்தால்தான் அடிமரம் தடிக்கும்.

ஜூனில் தளிர் வெட்டுவதைப் பற்றி. நீ பார்த்த வீடியோவில் காட்டியதில் தவறில்லை, ஆனால் அது வேறு வயது மரத்துக்கு. வசந்தத்தில் மெழுகுவத்தி போல நிமிர்ந்து வரும் தளிரைக் கோடையில் அடியோடு வெட்டினால், மரம் அதே வருஷத்தில் இரண்டாவது தளிர் விடும். வளர மிச்சம் உள்ள நாள் குறைவு என்பதால் அதன் ஊசியும் குட்டையாக இருக்கும், கிளையும் இரண்டாகப் பிரியும். கருப்புப் பைன், சிவப்புப் பைன் மாதிரி வீரியமுள்ள மரம் அதைத் தாங்கும். ஐந்தூசிப் பைனுக்குச் செய்யவே கூடாது. அடிமரமும் முக்கியக் கிளைகளும் முடிந்த பிறகு மெருகேற்றுவதற்கான வேலை அது. உன் கன்றுக்குச் செய்தால் ஒரு வருஷத்து வளர்ச்சியைக் கையால் பிடுங்கிப் போட்டது போலத்தான்.

கிளையைக் குறைக்கும் காலம் வரும்போது ஒன்றே ஒன்றை நினைவில் வை. ஊசி இல்லாத பழைய கட்டையிலிருந்து பைன் லேசில் துளிர்க்காது. வேம்பு, புங்கனை மொட்டையடித்துப் பார்த்த கண்ணுக்கு இது உறைக்காது, அதனால்தான் சொல்கிறேன். அடிமரத்தை ஒட்டியுள்ள ஊசிகளைக் காப்பாற்று. மேலே ஓடுகிற கிளை அவற்றின் வெயிலை மறைத்தால் அந்தக் கிளையைக் கம்பி கட்டி ஒதுக்கு.

அப்புறம், மாலதி அதை டீப்பாயின் மேல் வைக்கலாமா என்று கேட்டதாக எழுதியிருந்தாய். விருந்தாளி வந்தால் ஒரு நாள், இரண்டு நாள் வைக்கட்டும். மற்றபடி அது வெளியேதான், குளிர்காலத்திலும். கடற்கரையில் உப்புக்காற்றுக்கு நடுவே நின்று வளர்கிற சாதி. அதற்கு வெயிலும் காற்றும் குளிரும் வேண்டும், ஹீட்டர் ஓடுகிற அறை ஆகாது.

இத்தனை வருஷம் காத்திருக்கவா என்று சலித்துக்கொள்ளாதே. ஒரு சாண் உயர மரம் என்று மனதில் வைத்துக்கொண்டால் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் பார்க்கிற மாதிரி வந்துவிடும். நீ பெரிய மரம் கேட்கிறாய், எனக்கு அதில் சம்மதமில்லை. உன் முதுகு இருக்கிற நிலையில் யார் அதைத் தூக்கி வைப்பது?

உங்கள் ஊருக்குத் தெற்கே ஃபெடரல் வே என்ற இடத்தில் பசிபிக் போன்சாய் மியூசியம் இருக்கிறது. 1989-இல் திறந்தது. கம்பி சுற்றுவதற்கு முன்னால் ஒரு முறை போய் அடிமரங்களை மட்டும் பார்த்துவிட்டு வா. வாஷிங்டனுக்கு, உன் மாநிலத்துக்கு அல்ல, அந்த இன்னொரு வாஷிங்டனுக்கு, மகன் வீட்டுக்குப் போனால் நேஷனல் ஆர்போரெட்டத்தில் யமாகி பைனைப் பார். 1625-லிருந்து தொட்டியில் வளர்க்கப்பட்டு வருகிற ஐந்தூசிப் பைன். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது மூன்று கிலோமீட்டர் தூரத்தில் ஒரு மதில் மறைவில் இருந்து தப்பியது. 1976-இல் அமெரிக்காவுக்குப் பரிசாகப் போனது. இந்தக் கதை அங்கே தெரிய வந்ததோ 2001-இல், கொடுத்தவரின் பேரன்கள் தேடிப் போனபோது. 25 வருஷம் அங்கே தண்ணீர் ஊற்றியவர்களுக்கு அது வயதான ஒரு பைன், அவ்வளவுதான்.

எங்கள் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. பையன் ஒசாகாவுக்கு மாறிவிட்டான், வீடு வெறிச்சென்று இருக்கிறது. சாயங்காலத்தில் போன்சாய் கிராமத்துப் பக்கம் நடக்கிறேன். 1923 பூகம்பத்துக்குப் பிறகு டோக்கியோவிலிருந்து மரங்களோடு கிளம்பி வந்தவர்கள் 1925-இல் உண்டாக்கிய இடம். குடியேறுகிறவர் பத்து மரமாவது வைத்திருக்க வேண்டும், மாடி வீடு கட்டக் கூடாது என்றெல்லாம் அப்போது விதி இருந்ததாம். நம் அப்பார்ட்மெண்ட் சங்கங்களை நினைத்துச் சிரித்துக்கொள்வேன். பாளையங்கோட்டையில் அம்மா நன்றாக இருக்கிறாள். "சேகர் பிள்ளைக்குக் கல்யாணம் ஆயிட்டுதா?" என்று ஒவ்வொரு போனிலும் கேட்கிறாள். ஆகிப் பேரனும் வந்துவிட்டான் என்று ஒவ்வொரு போனிலும் சொல்கிறேன், அவளும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சந்தோஷப்படுகிறாள்.

அக்டோபரில் மகளைப் பார்க்க சான் ஹோசே வருகிறோம். சியாட்டிலுக்கு ஒரு எட்டு வர எண்ணம். நல்ல கத்தரியும் கம்பி வெட்டுகிற குறடும் பெட்டியில் போட்டுக்கொண்டு வருகிறேன். மண் மட்டும் கேட்காதே, உங்கள் கஸ்டம்ஸ்காரர்கள் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கம்பி சுற்றும் முன் நான்கு பக்கத்திலிருந்தும், மேலிருந்து ஒன்றும் படம் எடுத்து அனுப்பு. பாஸ்கர் நம்பர் மாறிவிட்டதா? மூட்டு ஆபரேஷன் என்று கேள்விப்பட்டு இரண்டு முறை அடித்துப் பார்த்தேன், யாரோ கன்னடத்தில் பேசுகிறார்கள். புது நம்பர் இருந்தால் எழுது.

அன்புடன்,
ராமு