மரத்துக்குக் கறையா, சாயமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய மரச்சாமான்களைப் புதுப்பிப்பது பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு, அதை நம்பிக் கடைக்கும் போய்விட்டேன். என் மாமனார் காலத்துத் தேக்கு பெஞ்ச் ஒன்று திண்ணையில் வெளுத்துக் கிடக்கிறது. கட்டுரையில் இருந்தபடியே, "மரக்கறை ஒரு டப்பா கொடுப்பா" என்றேன். கடைப்பையன், "எதுல பட்ட கறை சார்? எண்ணெயா, காபியா?" என்று கேட்டு, துணிக்கறை போக்கும் பாட்டிலை எடுத்து நீட்டினான். பக்கத்தில் நின்ற பாலிஷ்காரர்தான், "சார் ஸ்டெயின் கேக்குறாருப்பா, வால்நட் கலர் எடு" என்று என்னை மீட்டார்.

பையன்மேல் தப்பில்லை. மரத்துக்கு நிறமேற்றும் 'ஸ்டெயின்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு, அகராதியில் முதலில் கண்ணில் பட்ட சொல்லை எடுத்து மரத்தில் அப்பியவர் உங்கள் கட்டுரையாளர். கறை என்றால் நாம் கேட்காமல் வந்து ஒட்டுவது. கடலூர் மாவட்டத்துக்காரனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டாம். பண்ருட்டிப் பக்கம் முந்திரிப்பழச் சாறு வெள்ளைச் சட்டையில் சொட்டினால், சட்டை கிழியும், கறை போகாது. கொட்டை உடைக்கும் பெண்களின் விரலைப் பாருங்கள். ஓட்டு எண்ணெய் பட்டுக் கறுத்து, தோல் உரிந்திருக்கும். அதே எண்ணெய் வார்னிஷ் செய்யவும் போகிறது. டப்பாவுக்குள் போன பிறகு அதை யாரும் கறை என்பதில்லை.

நாமாக ஏற்றும் நிறத்துக்குச் சாயம் என்று சொல் இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் செனகலுக்குக் கப்பலேற்றிய நீலத்துணி அவுரிச் சாயத்தில் தோய்த்தது. நான் பள்ளியில் உயிரியல் நடத்தியவன். பாக்டீரியாக்களை வகை பிரிக்க 1884இல் கிராம் என்ற விஞ்ஞானி கண்ட முறையை 'கிராம் சாயமேற்றுதல்' என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். 'கிராம் கறை' என்றிருந்தால் கடைசி பெஞ்ச் என்னைச் சும்மா விட்டிருக்காது. மரத்திலும் அதே வேலைதான். பெயின்ட் மேலே படலமாக நின்று ரேகையை மூடிவிடும். ஸ்டெயின் மரத்துக்குள் இறங்கி ரேகையை எடுத்துக் காட்டும்.

'சாயம் வெளுத்துப்போச்சு' என்கிறோமே, அந்த வாடை அடிக்குமோ என்று கட்டுரையாளர் தயங்கியிருக்கலாம். மரச்சாயமும் வெயில் பட்டால் வெளுக்கத்தான் செய்கிறது. என் பெஞ்சே சாட்சி.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பொருளளவில் இரண்டுக்கும் பெரிய தூரமில்லை. கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி என்ற இரும்பு உப்பைச் சேர்த்தால் எழுதும் மை. வேல மரத்தில் இரும்பாணி அடித்து மழையில் விட்டால் ஆணியைச் சுற்றிக் கறுப்பு வட்டம். இரண்டும் துவர்ப்பும் இரும்பும் கூடிப் பிறந்த ஒரே கறுப்புதான். முன்னதைப் புட்டியில் பத்திரமாக வைத்தோம். பின்னதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறோம்.

கறைக்கும் ஒரு காலம் மரியாதை இருந்தது. புறநானூற்றுக் கடவுள் வாழ்த்து, சிவன் கழுத்தில் தங்கிய நஞ்சின் கறையை அவனுக்கு அழகு என்கிறது. 'கறையடி யானை' என்று பழம்பாட்டில் வந்தால் யானைக்கு அழுக்குக் கால் என்று எண்ணிவிடக் கூடாது. அங்கே கறை என்பது உரல்; உரல் போன்ற கால் என்று பொருள். இன்றைக்கு 'கறை படிந்த கை' என்றால் லஞ்சம் ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது. நம் வீட்டுப் பெண்கள் விவரமானவர்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு எவர்சில்வர் என்று பெயரைப் பிடித்துக்கொண்டு, கறைப் பேச்சையே அடுப்பங்கரைக்குள் விடவில்லை.

ஆகவே 'மரச்சாயம்' என்று போடுங்கள். முடியாவிட்டால் பாலிஷ்காரர் சொல்வதுபோல 'ஸ்டெயின்' என்றே போடுங்கள், கடையிலாவது புரியும்.

இன்னொன்று. அதே நாள் இதழில் 'கறை வேட்டி கட்டிய தொண்டர்கள்' என்று ஒரு படவிளக்கம். ரகர றகரக் குழப்பமா, தெரிந்தே வைத்த குத்தலா என்று எங்கள் வீட்டில் இன்னும் பட்டிமன்றம் நடக்கிறது.

அடுத்த வாரம் வார்னிஷ் பற்றி எழுதப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதற்கு என்ன பெயர் வைக்கிறீர்கள் என்று பார்த்துவிட்டுத்தான் பெஞ்சில் கை வைப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.